தட்டில் இடம் இல்லாத பாட்டு

காது கேட்காதவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். காது அளவுக்கு மீறிக் கேட்டதாலேயே கெட்டுப்போன மனிதர் ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் இருந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை.

ஆட்டோக்காரர்கள் அவரை ‘ரெக்கார்டு சார்’ என்பார்கள். அறையின் மூன்று சுவர்களிலும் கருப்பு இசைத்தட்டுகள் நிறுத்தி வைத்திருக்கும். நடுவில் தட்டு சுழலும் மேசை, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், எதிரே பாய்கள். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களும் சென்னை, பெங்களூர் ஆட்களும் மாடியேறி வந்து உட்கார்ந்து கேட்பார்கள். பிடித்தால் தட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். டீ போடுவதும் தட்டுகளைத் துடைப்பதும் என் வேலை. அதற்கு முன் திண்டிவனத்தில் ஒரு மைக் செட் கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் செங்கல் சூளை. அதற்கும் முன் ஒன்பதாம் வகுப்பு, பாதியில். முப்பத்தைந்து வயதில் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் மூன்று நாள் படுத்திருந்த என்னை ஒரு டீக்கடைக்காரர்தான் இவரிடம் அனுப்பினார்.

வேலைக்கு எடுப்பவர்கள் ஊர் கேட்பார்கள், ஆதார் கேட்பார்கள், சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இவர் என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார்.

“எண்ணெ வெச்சியா?”

“தலைக்குக் கொஞ்சம் வெச்சேன் சார்.”

“நாளைல இருந்து வெக்காத. தலையில இருந்து விரலுக்கு வரும், விரல்ல இருந்து தட்டுக்கு வரும், தட்டுல இருந்து ஊசிக்கு வரும், ஊசியில இருந்து என் காதுக்கு வரும். உன் தலைய நான் எதுக்குய்யா கேக்கணும்?”

என் கை அத்தனை சுத்தமாக இருக்க வேண்டும் என்றவர் தினமும் குளித்ததில்லை. பனியனின் அக்குள் பழுத்திருக்கும். குடித்து வைத்த காபி டம்ளரில் பூசணம் படர்ந்திருக்கும். ஆனால் காதை மட்டும் காலையும் மாலையும் பஞ்சுக்குச்சியால் குடைவார். வந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகைக்கடையில் கல்லைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு குச்சியை இருந்த இடத்திலேயே போட்டுவிடுவார். பாயில் கிடக்கும், ஜன்னல் கட்டையில் கிடக்கும். ஒருமுறை என் சோற்றுத் தட்டின் ஓரத்தில் கிடந்தது. நான் பொறுக்கிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் ஒரு துடைப்பம் ஆகியிருக்கும்.

அவர் வாயில் அதிகம் வந்த சொல் ‘அசிங்கம்’. கீழ்வீட்டுக் குக்கர் விசில் அசிங்கம். ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் கார் அசிங்கம். எதிர்வீட்டில் குருவி மாதிரிக் கத்தும் காலிங்பெல்லுக்கு இரண்டு முறை அசிங்கம். சத்தம் பிடிக்காமல்தான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். அது நாய்க்குக்கூடத் தெரியாமல் பக்கத்தில் வந்து நிற்கும்.

அந்தக் காது பொய்யில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீழே தண்ணீர் மோட்டார் ஓடுவதைக் கேட்டு, “ரெண்டு நாள் தாங்கும்” என்றார். இரண்டாம் நாள் சாயங்காலம் நின்றது. வீட்டுக்காரர் இவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று சண்டைக்கு வந்தார்.

ஒரு மத்தியானம் யாரும் வரவில்லை. ஒரே பாட்டை எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினார். ஏதோ வெளிநாட்டில் நாலு பேர் சேர்ந்து, பெரிய கம்பெனி எதையும் அண்டாமல், தாங்களே எழுதித் தாங்களே பாடித் தாங்களே வெளியிட்டது. இப்படிப்பட்டதை இண்டி என்பார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பழைய பதிவைத் துலக்கி மறுபடி விட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் ரீமாஸ்டர். அந்தத் துலக்கிய பாட்டு முதலில் சிடியில் ஓடியது, பிறகு தட்டில்.

“இன்னா வித்தியாசம்?”

“சிடியில சத்தம் ஜாஸ்தி சார்.”

“அப்புறம்?”

“தட்டுல கம்மி. ஆனா அந்தப் பொண்ணு கிட்டக்க நிக்குது. டிரம்ஸு பின்னால தள்ளி இருக்குது. சிடியில எல்லாரும் ஒரே எடத்துல நின்னு கத்துறாங்க.”

“உக்காரு” என்றார். அன்றுதான் அந்தப் பாயில் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

“சிடி மேல தப்பு இல்லய்யா. அதுல மெல்லிசா வெக்கலாம், கனமா வெக்கலாம், எடம் கெடக்குது. இந்த ரீமாஸ்டர் பண்றவனுங்க இருக்கானுங்களே, கார்ல கேக்கணும், போன்ல கேக்கணும்னு மெல்லிசா இருக்கிறத எல்லாம் புடிச்சு மேல தூக்கிடறானுங்க. மேல இருக்கிறது கூரையில முட்டி நசுங்குது. மூச்சும் டிரம்ஸும் ஒரே ஒசரம். அது பாட்டா? கூழு. தட்டுல அப்படி வெட்டுனா ஊசி எகிறிடும். அதனால அங்க ஒழுங்கா இருந்துதான் தீரணும்.”

எனக்கும் அது கேட்டது. அதுதான் பிரச்சினை. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. டீக்கடைப் பாட்டு, பஸ் பாட்டு, யாரோ போனில் வைத்திருக்கும் பாட்டு, எல்லாவற்றிலும் அந்த நசுங்கல் தெரிய ஆரம்பித்தது. ஊர் ஊராகத் திரிந்தவனுக்குக் காசில்லாமல் கிடைத்துவந்த ஒரே சந்தோஷம் அது. அதை அவர் ஒரு மத்தியானத்தில் முடித்துவைத்தார்.

தட்டு ஓடும்போது யாரும் அசையக் கூடாது. காலால் தாளம் போட்ட ஒரு வெள்ளைக்காரரின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். அந்த ஆள் புரிந்துகொண்டு எழுந்து போனார். காவி கட்டிய ஒருவர் பாட்டு முடிந்ததும் கண்ணை மூடியபடி நீளமாக ‘ஓம்’ என்றார்.

“சாமி, பாட்டு முடிஞ்ச பின்னால வர்ற அமைதியும் தட்டுலதான் இருக்குது. அதுவும் எனக்குக் கேக்கணும். உங்க ‘ஓம்’ம நீங்க ரோட்டுல போய் சொல்லுங்க.”

அன்றைக்கு நானும் சிரித்தேன். பௌர்ணமி அன்று சிரிப்பு வரவில்லை. கிரிவலக் கூட்டம் எங்கள் சந்து முனைவரை நெரியும். அவர் ஜன்னல்களில் மெத்தைகளைத் திணிக்கச் சொல்வார். உள்ளே காற்று இருக்காது. வியர்வை நாறும். அப்படி அடைந்து கிடந்த ஒரு பௌர்ணமியில் யாரோ மாடியேறி வந்து கதவைத் தட்டினார்கள். “அண்ணா, கொழந்தைக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணா” என்று ஒரு பெண்ணின் குரல்.

நான் எழுந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“தொறந்தா உள்ள வந்துடும்யா.”

“இன்னா சார் வந்துடும்?”

“ஊரு.”

அந்தப் பெண் மூன்று முறை தட்டிவிட்டு இறங்கிப் போனாள். சொன்னது அவர். திறக்காதது நான்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரே ஒரு குரல் பிடித்திருந்தது. கீழ்பென்னாத்தூர் பாபுவின் குரல். பாபு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். தானே பாட்டுக் கட்டி கிட்டார் வாசித்துப் பாடுவான். அவன் தங்கை தேவகி, ஜவுளிக்கடையில் வேலை செய்பவள், கூடப் பாடுவாள். டிரம்ஸுக்கு ஒரு சிநேகிதன் வருவான். இவர் அவர்களைக் கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலைக் கிடங்கில் வைத்துப் பதிவு செய்தார். அடுக்கிய மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பார். மொத்தம் எட்டுப் பாட்டு. ஏழில் தேவகியின் குரல்தான் முன்னால் இருக்கும். கடைசி நாளில் பாபு தனியாக ஒன்று பாடினான். அவர்கள் அப்பா தண்ணீருக்காக நிலத்தில் போட்ட போர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எத்தனை அடி, என்ன வந்தது, புழுதியா கல்லா என்று பாடிக்கொண்டே போகும் பாட்டு. பன்னிரண்டு நிமிஷம். ஒரே மூச்சில், ஒரே தடவை பாடியது.

பதிவு முடிந்து சில மாதங்களில் பாபு காமாலையில் செத்துப்போனான். அவன் போனைத் திறக்க யாருக்கும் வழி தெரியவில்லை. அந்தப் பாட்டு வேறு எங்கும் இல்லை. இவர் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது.

அதன் பிறகுதான் இவர் பதிவைத் துலக்கி வெளியிட முனைந்தார். சிடிக்கான வேலையைச் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார். தட்டு வெளிநாட்டில் அச்சாக வேண்டும் என்பதால் அதற்கான பதிவைத் தானே உட்கார்ந்து செய்தார்.

சிடிகள் முதலில் வந்தன, மூன்று பெட்டி. ஒன்றைப் பிரித்துப் போட்டார். முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் எழுந்து குளியலறைக்குப் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. உவமைக்குச் சொல்லவில்லை. கழுவியது நான்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, “பாபுவ ரோடு ரோலர்ல வுட்டு எடுத்துட்டானுங்கய்யா” என்றார். கண் கலங்கியிருந்தது. மனுஷன் நிஜமாகவே அழுதார்.

பெட்டிகளை மொட்டை மாடிக்குத் தூக்கினோம். ஆளுக்கொரு ஆணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு சிடியின் முதுகிலும் குறுக்கே கோடு கிழித்தோம். திரும்ப அனுப்பினால் எவனாவது கேட்டுவிடுவானாம். வெயிலில் சிடிகள் மின்னிக் கண்ணைக் குத்தின. அட்டையில் பாபு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மாடிக்கு வரும்போதெல்லாம், “அண்ணே, சக்கரை ஜாஸ்தியா போட்டு ஒரு டீ குடுண்ணே, இந்தாளு மூஞ்சியப் பாத்தா வாய் கசக்குது” என்பான். ஒன்றை மட்டும் கிழிக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தட்டுகள் வந்தன. கேட்பதற்குத் தேவகி பஸ் ஏறி வந்தாள். அவள் பாயின் நுனியில் உட்கார்ந்திருக்க, இவர் தட்டை வைத்து ஊசியை இறக்கினார். நன்றாக இருந்தது. எனக்கு அந்த ஆள்மேல் எத்தனை அருவருப்பு இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் குரல் அறைக்கு நடுவில் ஆளாக நின்றது. மூட்டைகளுக்கு நடுவே இருந்த காற்றுகூடக் கேட்டது. இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது.

“சூப்பரா இருக்குது சார்” என்றாள் தேவகி. “அண்ணன் பாட்டு எப்ப வரும்?”

“அது இதுல இல்லம்மா.”

“இல்லியா?”

“ஒரு பக்கத்துக்கு இருவது நிமிஷம்தான் நல்லா இருக்கும். அதுக்கு மேல திணிச்சா கோடு நெருங்கிப் போய் எல்லாப் பாட்டும் மெலிஞ்சிடும். அதுலயும் அவன் பாட்டு கடைசியில வரணும். உள்வட்டத்துல ஊசி தடுமாறும்மா. அவன் சொல்ற ‘ச’ எல்லாம் புஸ்ஸு புஸ்ஸுனு சீறும். அவன அப்படிக் கேக்க வுடுவேனா நான்?”

அவள் உறையைத் திருப்பி, பின்னால் இருந்த பாட்டு வரிசையைப் பார்த்தாள்.

“அப்ப சிடியில இருக்குமா சார்?”

“சிடியில எட்டும் இருந்துச்சு. அசிங்கமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்.”

“அழிச்சிட்டீங்களா?”

“அவனுக்காகத்தாம்மா.”

“சார், அடுத்த வெள்ளிக்கெழம வருஷ தெவசம். அண்ணன் கொரல ஒரு வாட்டி கேக்கணும்னு அம்மா ஒரு வருஷமா சொல்லிட்டே இருக்குது. கம்ப்யூட்டர்ல இருக்குதில்ல, எனக்குப் போன்ல ஏத்திக் குடுங்க. படையல் போட்டு மைக் செட்டுல வெச்சிடறோம்.”

“மைக் செட்டுலயா? புனல் ஸ்பீக்கர் கட்டுவீங்களா?”

“ஆமா சார். ரெண்டு.”

அவர் முகம் போன போக்கை என்னால் எழுதிக்காட்ட முடியாது. சோற்றில் முடியைக் கண்டவன் முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தங்கையிடம், அதுவும் சாவைப் பற்றிப் பேசும்போது காட்டினார்.

“ரெண்டு வருஷம் பொறும்மா. அந்த ஒரு பாட்ட மட்டும் தனித் தட்டா போடறேன். அதுவரைக்கும் யாரும் கேக்க வேணாம்.”

“அம்மாவுக்கு டயாலிசிஸ் போயிட்டிருக்குது சார். ரெண்டு வருஷம் எல்லாம் எங்க...”

“அதுக்காக?” என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார். இரண்டு தட்டுகளைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். அவர்கள் வீட்டில் தட்டு போடும் பெட்டி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை. தெவசத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் மரியாதையாக அழைத்துவிட்டு இறங்கினாள்.

நான் பால் வாங்கப் போவதாகச் சொல்லிப் பின்னாலேயே போய், படிக்கட்டு முடிவில் சிடியை நீட்டினேன்.

“இதுல இருக்குதும்மா. ஆனா நல்லா இருக்காது.”

“அண்ணன் கொரலு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப போதும்ணா” என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். “நீங்களும் வந்துடுங்க, சாப்பாடு இருக்குது.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேட்டரி ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். படத்துக்கு மாலை போட்டிருந்தது. இலையில் வடை, பாயசம், புது வேட்டி சட்டை, பாபுவுக்குப் பிடிக்கும் என்று யாரோ வாங்கி வந்த பரோட்டா பொட்டலம். இவர் தன் பங்குக்கு இன்னொரு இசைத்தட்டைக் கொண்டுவந்திருந்தார். அதை உறையிலிருந்து எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் பாயசத்திலிருந்து புறப்பட்ட எறும்பு ஒன்று அதன் கோடுகளில் சுற்ற ஆரம்பித்தது. அவர் குனிந்து அதை நகத்தால் எடுக்கப் போராடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மைக் செட் முனுசாமி சிடியில் பாபுவின் பாட்டைப் போட்டான்.

கிடங்கில் நான் கேட்ட குரல் இல்லை அது. தகரத்தைத் தகரத்தின்மேல் இழுப்பதுபோல இருந்தது. கிட்டார் கம்பிகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. பாபு மூச்சு இழுப்பது லாரி பிரேக் மாதிரிக் கேட்டது. புனல் அதை இன்னும் சீவி எடுத்தது. எனக்குப் பல் கூசியது.

ஆனால் ஜனம் கேட்டது. முதல் போர் வந்தது, இரண்டாவது வந்தது.

“அட, மூணாவது போரு கெழக்காலதான போட்டோம்? வடக்காலன்றான்?” என்றார் ஒரு பெரியப்பா.

“அவன் எப்பவும் அளந்துதான் வுடுவான்” என்றாள் பாபுவின் அம்மா. கையில் டயாலிசிஸ் ஊசி குத்திய இடம் வீங்கியிருந்தது. அவள் அழவில்லை. “நானூறு அடியாம்! இரநூத்தி எம்பதுதான்டா, பொய் சொல்லாத!” என்று புனலைப் பார்த்துத் திட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் ஆம்ப்ளிஃபயரிடம் போயிருந்தார். முனுசாமியைத் தோளால் தள்ளிவிட்டுச் சத்தம் குறைக்கும் குமிழில் கை வைத்தார். தேவகி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“தொடாதீங்க சார்.”

“இது அவன் கொரல் இல்லம்மா. நசுங்கிப் போச்சு. உனக்குத் தெரியலயா?”

“தெரியுது.”

“தெரிஞ்சுமா?”

“அம்மா பேசிட்டிருக்குது சார். கைய எடுங்க.”

விரல் விரலாகப் பிரித்து அவள்தான் அந்தக் கையை எடுத்தாள். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, படையலுக்கு முன்னால், ஒரு தாய்க்கு முன்னால், அப்படியே நடந்து வெளியே போனார். பெரியப்பா, “யாருடா இவன், தெவச வூட்டுக்கு வந்து காதப் பொத்திக்கினு போறான்?” என்றார். நான் தெருவுக்குப் போனேன். ஸ்கூட்டரின்மேல் உட்கார்ந்திருந்தார். தெருமுனைக் கம்பத்தில் இரண்டாவது புனல் இருந்தது.

“நீயா குடுத்த?”

“ஆமா சார்.”

“உனக்குக் கேக்குது இல்ல? எவ்ளோ அசிங்கமா இருக்குதுன்னு?”

பொய் சொல்லியிருக்கலாம். “கேக்குது சார்.”

“கேக்காத ஜென்மமா இருந்தா வுட்டுடுவேன். கேட்டும் குடுத்தியே, நீயெல்லாம்...” என்று சொல்லி முடிக்காமல் என் காலுக்குப் பக்கத்தில் துப்பினார். வண்டி சத்தமில்லாமல் போனது. அந்த அறையில் என் பையும் இரண்டு சட்டையும் இருந்தன. எடுக்கப் போகவில்லை.

உள்ளே பந்தி போட்டிருந்தார்கள். தேவகி என்னை அம்மாவுக்கு எதிர்வரிசையில் உட்கார வைத்தாள். அம்மா சொன்னாள் என்று முனுசாமி பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டான். புனல் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. அத்தனை அசிங்கமாக இருந்தது அந்தச் சத்தம். அம்மா மூன்றாவது போரிடம் வந்து மறுபடியும் சண்டை பிடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை. ரசத்துக்கு இலையில் குழி பண்ணிக்கொண்டேன்.